வருமுன் காக்கும் படை

தீயணைப்புப் படை என்ற சொல்லைக் கேட்டவுடன் செந்நிற வண்டியும், இடைவிடாது ஒலிக்கும் மணியும், நீர்க்குழாயை ஏந்தி நிற்கும் வீரரும் மக்களின் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. தீப்பற்றிய இடத்துக்கு விரைந்து செல்வதும், நீரைப் பாய்ச்சித் தீயை அணைப்பதும், உள்ளே சிக்கியோரை மீட்பதுமே அப்படையின் பணி என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறன்று, ஆயினும் அது பாதி உண்மையே ஆகும்.

கூரை வீட்டில் பற்றிய தீயின் இயல்பையும், வைக்கோற்போரில் பற்றிய தீயின் இயல்பையும் அறியாதார் இல்லை. அங்கே வேண்டுவன விரைவும் நீரும் துணிவுமே. பெருந்தொழிற்சாலையில் எழும் தீயோ அத்தகையதன்று. அங்கே ஆயிரக்கணக்கான டன் எண்ணெய் ஒருபுறம் தேங்கியிருக்கும். அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்ட வாயு மற்றொருபுறம் அடைபட்டிருக்கும். மூச்சில் சிறிது கலப்பினும் உயிரைப் போக்கும் நஞ்சும் இருத்தல் கூடும். எரியும் பொருள்மீது நீரை ஊற்றலாமா, ஊற்றினால் தீ அடங்குமா, பெருகுமா என்பதே அங்கு முதல் வினா ஆகும். அவ்வினாவுக்கு விடையைத் தீ மூண்ட பின்னர்த் தேடத் தொடங்கினால், விடை கிடைப்பதற்குள் உயிர்கள் அழிந்துவிடும். ஆதலால், தீ எழுவதற்கு நெடுநாள் முன்னரே ஆலைக்குள் சென்று, அங்குள்ள பொருள்களையும் கலன்களையும் ஆராய்ந்து, நேரக்கூடிய இடர்களை எண்ணிப் பார்த்து, அவற்றை எதிர்கொள்ளும் வழியை வகுக்கும் அலுவலர்கள் இன்று பல நாடுகளின் தீயணைப்புப் படைகளில் பணிபுரிகின்றனர். தொழிற்சாலை இடர் ஆய்வு என்பது அவர்தம் துறை. அத்துறையின் பாடங்கள் ஏட்டில் மட்டும் கற்றவை அல்ல. வீரர் பலர் தம் உயிரைக் கொடுத்துக் கற்பித்தவை.

அவற்றுள் ஒன்று நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் ‘போர்ட் ஸ்டிகைன்’ என்னும் சரக்குக் கப்பல் நின்றிருந்தது. அஃது இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிமருந்து இருந்தது. அதனோடு கராச்சியில் ஏற்றப்பட்ட பஞ்சுப் பொதிகளும், எண்ணெயும், மரமும், பொற்கட்டிகளும் இருந்தன. எளிதில் பற்றும் பஞ்சும், பற்றினால் பேரழிவு விளைக்கும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் இருந்தன என்பதே நடக்கவிருந்த கேட்டுக்கு வித்து.

பிற்பகல் 2 மணியளவில் கப்பலின் உள்ளறையிலிருந்து புகை எழுந்தது. தீயணைப்பு வீரர் விரைந்து வந்தனர். 900 டன்னுக்கு மேற்பட்ட நீரைக் கப்பலுக்குள் பாய்ச்சினர். தீ எங்கே பற்றியிருக்கிறது என்பதை அடர்ந்த புகை மறைத்துவிட்டது. ஊற்றிய நீர் கப்பலுக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கியது. கப்பலைத் துறையிலிருந்து வெளியே இழுத்துச் செல்வதா, அங்கேயே மூழ்கடிப்பதா, தொடர்ந்து நீரை ஊற்றுவதா என்பதில் அங்கிருந்தோரிடையே ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. காலம் கரைந்தது. 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்துக்குள் மற்றொரு வெடிப்பும் நிகழ்ந்தது. நெடுந்தொலைவிலுள்ள சிம்லாவின் நிலநடுக்கப் பதிவுக் கருவியும் அவ்வதிர்ச்சியைக் குறித்தது. எண்ணூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 66 பேர் தீயணைப்பு வீரர்.

அவர்களிடம் துணிவுக்குக் குறைவில்லை. கடமை உணர்ச்சிக்கும் குறைவில்லை. குறைவாயிருந்தது முன்னேற்பாடே. இத்தகைய சரக்கு இத்தகைய இடத்தில் தீப்பற்றினால் செய்யத்தக்கது யாது, ஆணையிடுவோர் யாவர், எந்த அளவுக்குமேல் வீரர் அங்கே நிற்றல் ஆகாது என்பன முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தால், எரியும் கப்பலருகே வாதிடும் நிலை வந்திராது. அவ்வீரரின் நினைவாகவே ஏப்ரல் 14-ஆம் நாள் ஆண்டுதோறும் இந்தியாவில் தீயணைப்புப் பணியின் நினைவு நாளாகப் போற்றப்படுகின்றது.

பம்பாய் நிகழ்ச்சி சரக்கின் இயல்பை முன்னரே கருத வேண்டும் என்பதைக் காட்டியது. கலனின் இயல்பையும் அறிய வேண்டும் என்பதை 22 ஆண்டுகளுக்குப் பின் பிரான்சு நாட்டில் நிகழ்ந்த மற்றொரு விபத்து காட்டியது. லியோன் நகரின் தெற்கே பெசான் என்னும் ஊரில் எண்ணெய் தூய்மை செய்யும் ஆலை ஒன்று உண்டு. அங்கே புரொப்பேன் என்னும் எரிவாயு, பெரிய உருண்டை வடிவக் கலன்களில் நீர்மமாகத் தேக்கி வைக்கப்பட்டிருந்தது. 1966-ஆம் ஆண்டு சனவரி மாதம் 4-ஆம் நாள் விடியற்காலையில், ஒரு கலனின் அடியில் தங்கியிருந்த நீரை வெளியேற்றுவதற்காகத் தொழிலாளர் வால்வுகளைத் திறந்தனர். குழாயில் பனிக்கட்டி போன்ற அடைப்பு ஏற்பட்டது. வால்வை மேலும் திறந்தபோது அடைப்பு திடீரென விலகியது, புரொப்பேன் பீறிட்டது, உறைந்த வால்வை மீண்டும் மூட இயலவில்லை. வாயு முகில்போலத் தரையில் தவழ்ந்து அருகிலிருந்த சாலையை அடைந்தது. அங்கே சென்ற ஊர்தி ஒன்றினால் அது தீப்பற்றியது. தீ பின்னோக்கி ஓடிக் கலனைச் சூழ்ந்தது.

தீயணைப்பு வீரர் வந்தனர். எரியும் கலனின் உச்சியில் காப்பு வால்வு இருந்தது. உள்ளே அழுத்தம் மிகுந்தால் அது தானே திறந்து, மிகுந்த வாயுவை வெளிவிடும். ஆகவே அக்கலனுக்கு ஊறு நேராது என்று கருதி, அடுத்திருந்த கலன்களையே நீர் பாய்ச்சிக் குளிர்வித்தனர். தீ மூண்டு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் சென்றபின் எரிந்துகொண்டிருந்த கலன் பிளந்தது. அவ்விபத்தில் 18 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 11 பேர் தீயணைப்பு வீரர்.

காப்பு வால்வு திறந்திருந்தும் கலன் ஏன் பிளந்தது? நம் ஊர் ஏரியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஏரியில் நீர் அளவுக்கு மீறினால் வழிந்தோடுவதற்குக் கலிங்கு உண்டு. கலிங்கு செவ்வனே இருந்தால் நீர் கரையைக் கடந்து வழியாது. ஆனால் கரையையே எலி குடைந்திருந்தால் கலிங்கு என்ன செய்யும்? நீர்மட்டம் உயராதபோதும் கரை உடைந்துவிடும் அன்றோ? காப்பு வால்வும் அத்தகையதே. அஃது அழுத்தத்தை மட்டுப்படுத்தும். கலனின் சுவருக்கு வலிமை தரமாட்டாது. கலனின் கீழ்ப்பகுதியில் நீர்மம் உள்ளவரை அது வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் அங்குள்ள எஃகு மிகுதியாகச் சூடேறுவதில்லை. நீர்மத்துக்கு மேலுள்ள பகுதியில் ஆவியே நிறைந்திருக்கும். ஆவி வெப்பத்தை அவ்வாறு ஈர்க்கும் ஆற்றல் உடையதன்று. ஆதலின் அங்குள்ள எஃகு விரைவில் சூடேறி இளகும். ஏறக்குறைய 600 பாகை வெப்பத்தில் எஃகு தன் வலிமையில் பாதியை இழந்துவிடும். வழக்கமான அழுத்தத்தையும் தாங்கமாட்டாமல் சுவர் கிழியும். உள்ளிருந்த நீர்மம் நொடிப்பொழுதில் ஆவியாகிப் பெருகும். அப்பெருக்கம் தீப்பிழம்பாக மேலெழும்.

இதனால் இரண்டு விதிகள் பெறப்பட்டன. ஒன்று, தீயால் சூழப்பட்ட கலனையே முதலில் குளிர்விக்க வேண்டும். அதிலும் மேற்பகுதியை நனையாது விடலாகாது. மற்றொன்று, கசிவை நிறுத்த வழியில்லாதபோது வாயுத் தீயை அணைக்கலாகாது. அணைத்தால் எரியாத வாயு தரையெங்கும் பரவி, வேறோரிடத்தில் தீப்பொறியைக் கண்டு வெடிக்கும். தீயணைக்கச் சென்றவர் தீயை அணையாது விடுவதே அறிவுடைமையாகும் இடமும் உண்டு என்பதை இவ்விதி காட்டுகிறது.

முதல் விதியைக் கூறுதல் எளிது; நிறைவேற்றுதல் அரிது. ஒரு சிறு கணக்கு அதை விளக்கும். 1,200 கனமீட்டர் கொள்ளும் உருண்டைக் கலனின் குறுக்களவு ஏறத்தாழ 13 மீட்டர். அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 545 சதுர மீட்டர். தீயில் அகப்பட்ட கலனைக் காக்க, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நிமிடந்தோறும் ஏறத்தாழ 10 லிட்டர் நீர் வேண்டும் என்பது பொறியியலார் கொண்டுள்ள அளவு. ஆகவே அக்கலனுக்கு ஒரு நிமிடத்தில் வேண்டும் நீர் 5,450 லிட்டர். ஒரு மணி நேரத்தில் வேண்டுவது 3,27,000 லிட்டர். 4,500 லிட்டர் நீருடன் வரும் தீயணைப்பு வண்டி ஒன்று, தன் நீர் முழுவதையும் கொடுத்தாலும் ஒரு நிமிடத்துக்குப் போதாது. அவ்வளவு நீரைத் தீ மூண்ட பின்னர் எங்கிருந்து பெறுவது? ஆலைக்குள்ளேயே பெருந்தொட்டிகளும், மின்சாரம் நின்றாலும் இயங்கும் இறைப்பொறிகளும், கலனைச் சுற்றி நீர் தெளிக்கும் குழாய்களும் முன்னரே அமைந்திருத்தல் வேண்டும். அவை அமைந்துள்ளனவா, பழுதின்றி இயங்குகின்றனவா என்று பார்ப்பதே இடர் ஆய்வு அலுவலரின் பணிகளுள் தலையாயது.

ஆலைக்குள் நுழையும் அவ்வலுவலர் மூன்று வினாக்களுக்கு விடை காண முயல்கிறார். இங்கே என்ன இருக்கிறது? அஃது எவ்வாறு தவறக்கூடும்? தவறினால் யாரைத் தாக்கும்?

முதல் வினாவுக்கு விடையாக, ஆலையிலுள்ள ஒவ்வொரு பொருளின் பெயரையும் அளவையும் இடத்தையும் பட்டியலாக எழுதி வாங்குகிறார். ஏனெனில், பொருளுக்குப் பொருள் முறை மாறுபடும். பெட்ரோலின்மீது நீரை ஊற்றினால் நீர் அடியில் தங்கும். பெட்ரோல் மேலே மிதந்தபடி எரிந்துகொண்டே பரவும். அதற்கு நுரைப்போர்வை வேண்டும். சோடியம் என்னும் உலோகத்தின்மீது நீர் பட்டால் ஐட்ரசன் வாயு பிறந்து தானே தீப்பற்றும். அம்மோனியாவையோ நீர் விரைந்து கரைத்துக்கொள்ளும். ஆகவே அவ்வாயு பரவும் வழியில் நீர்த்திரையை எழுப்புதல் நன்று. குளோரின் காற்றைப்போல இரண்டரை மடங்கு கனமுடையது. பள்ளங்களிலும் நிலவறைகளிலும் தங்கும். குளோரின் கசியும் துளையின்மீதே நீரைப் பாய்ச்சினால் அரிக்கும் அமிலம் உண்டாகித் துளையைப் பெரிதாக்கிவிடும். இத்தனை வேறுபாடுகளையும் புகைக்கு நடுவே நின்று நினைவு கூர்தல் எளிதோ?

இரண்டாம் வினாவுக்கு விடை காண, ஆலையின் பொறியியலாரும் தொழிலாளரும் ஒருங்கு அமர்கின்றனர். பிரிட்டனின் இரசாயனத் தொழிற்சாலைகளில் 1960-ஆம் ஆண்டுகளில் தோன்றிய ஒரு முறையை இன்று உலகெங்கும் கையாளுகின்றனர். ஆலையின் வரைபடத்தை விரித்து, குழாய் ஒவ்வொன்றையும் சுட்டி, ‘இதில் ஓட்டம் நின்றால் என்னாகும்? மிகுந்தால் என்னாகும்? குறைந்தால் என்னாகும்? எதிர்த்திசையில் திரும்பினால் என்னாகும்?’ என்று கேட்டுச் செல்வதே அம்முறை. வினாக்கள் சிறுவர் கேட்பன போல எளியவை. ஆயினும் கற்றறிந்தோர் பலர் கருதாது விட்ட குறைகளை அவை வெளிப்படுத்தியுள்ளன. கண்ட குறைகளை நீக்கும்போது, இடர் தரும் பொருளின் அளவைக் குறைத்தலே தலைசிறந்த வழி என்பர் இத்துறை வல்லுநர். இல்லாத பொருள் கசிய வழியில்லை அன்றோ?

மூன்றாம் வினா ஆலையின் மதிலுக்கு வெளியே செல்கிறது. காற்று எத்திசையில் வீசும்? அத்திசையில் குடியிருப்பு உண்டா, பள்ளி உண்டா, மருத்துவமனை உண்டா? தீயணைப்பு வண்டிகள் எவ்வழியாக வரவேண்டும்? நச்சு வாயு கசியும்போது காற்று வரும் திசையிலிருந்தே அணுகவேண்டும் என்பது விதி. கடற்கரையை அடுத்த ஆலைகளில் பகலில் கடற்காற்றும் இரவில் நிலக்காற்றும் வீசுவதால், பகலுக்கு ஒரு வழியும் இரவுக்கு மற்றொரு வழியும் வகுத்தல் வேண்டும். ஒரே வாயில் உடைய ஆலை இதனாலேயே குறையுடைய ஆலை ஆகிறது.

இம்மூன்றாம் வினாவை எவரும் உரிய காலத்தில் கேளாமையால் விளைந்த துன்பத்தைப் போபால் நகரம் இன்றும் மறக்கவில்லை. 1984-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ஆம் நாள் இரவு, அங்கிருந்த பூச்சிமருந்து ஆலையில் மீத்தைல் ஐசோசயனேட் என்னும் கொடிய பொருள் நிறைந்த தொட்டிக்குள் நீர் புகுந்தது. இரண்டும் கலந்து வெப்பமும் அழுத்தமும் பெருகின. ஏறத்தாழ 40 டன் நச்சு வாயு வெளியேறி, உறங்கிக்கொண்டிருந்த மக்கள்மீது பரவியது. ஆலையில் காப்புகள் இல்லாமல் இல்லை. ஆனால் தொட்டியைக் குளிர்விக்கும் பொறி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வாயுவை எரித்தழிக்கும் கோபுரத்துக்குச் செல்லும் குழாய் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவித் தூய்மை செய்யும் அமைப்பு அவ்வளவு பெரிய கசிவைத் தடுக்கும் நிலையில் இல்லை. பாய்ச்சிய நீரோ வாயு வெளிப்பட்ட உயரத்தை எட்டவில்லை. கரையும் கலிங்கும் மதகும் ஒருசேரப் பழுதடைந்த ஏரியைப் போன்றிருந்தது அவ்வாலை. ஊரை எழுப்பவேண்டிய சங்கும் உரிய காலத்தில் முறையாக ஒலிக்கவில்லை. வெளிவந்த வாயு எது, அதற்கு மருத்துவம் யாது என்பதை மருத்துவரும் அறிந்திருக்கவில்லை. ஈரத் துணியால் முகத்தை மூடிக்கொள்ளுதல், காற்றின் போக்குக்குக் குறுக்கே விலகிச் செல்லுதல் ஆகிய எளிய வழிகளைக்கூட மக்களுக்கு எவரும் முன்னர்க் கற்பித்திருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், அவர்களினும் பன்மடங்கினர் நோயுற்றனர்.

அத்துயரத்துக்குப் பின்னர் இந்திய அரசு சட்டங்களைச் செம்மைப்படுத்தியது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. 1989-இல் இடர் மிகுந்த இரசாயனப் பொருள்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய விதிகள் இயற்றப்பட்டன. இவ்விதிகளின்படி, இடர் மிகுந்த ஆலை தன் மதிலுக்குள் செய்யவேண்டியதை ஒரு திட்டமாக எழுதி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். மதிலுக்கு வெளியே செய்யவேண்டியதற்குத் தனித் திட்டம் உண்டு. அதற்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை வேண்டும். அருகில் வாழும் மக்களுக்கு இடரின் இயல்பையும் தற்காப்பு வழிகளையும் அறிவித்தலும் கடமையாயிற்று. 1996-இல் வந்த விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் தலைமையில் நெருக்கடிக்காலக் குழு அமைகிறது. தீயணைப்புப் படையும் காவல் துறையும் மருத்துவத் துறையும் ஆலைப் பொறுப்பாளரும் அங்கே ஒருங்கிருந்து திட்டமிடுகின்றனர்.

இடர் ஆலைக்குள் மட்டும் அடங்கியிருப்பதில்லை. சாலை வழியாகவும் அது செல்கிறது. எரிபொருளையும் இரசாயனத்தையும் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளின் பின்புறத்தில் எண்களும் எழுத்துகளும் பொறித்த பலகை இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அதிலுள்ள நான்கு இலக்க எண் உள்ளிருக்கும் பொருளைக் குறிக்கும். 1203 என்பது பெட்ரோல்; 1017 என்பது குளோரின்; 1075 என்பது சமையலுக்குப் பயன்படும் எரிவாயு. வேறொரு கட்டத்தில் உள்ள குறியீட்டின் முதல் எண் நீரா, நுரையா, உலர்பொடியா என்று அணைக்கும் முறையைச் சுட்டும். அக்குறியீட்டின் இறுதியில் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து இருந்தால், சுற்றிலும் உள்ள மக்களை அப்புறப்படுத்துவதைக் கருதவேண்டும் என்பது பொருள். இலண்டன் தீயணைப்புப் படையில் உருவான இக்குறியீட்டு முறை பிற நாடுகளிலும் பரவியது. ஓட்டுநர் மயங்கிக் கிடப்பினும், பலகை பேசும். வண்டி கவிழ்ந்த இடத்துக்கு வேடிக்கை பார்க்கவும் வழிந்த எண்ணெயை எடுக்கவும் ஓடுவோர் அப்பலகையின் பொருளை அறிந்திருந்தால் அவ்வாறு ஓடுவரோ?

ஆயினும் சட்டமும் திட்டமும் தாளில் இருந்தால் மட்டும் போதா. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை அடுத்த எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, அருகிலிருந்த ஊர் மக்கள் நள்ளிரவில் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அத்தகைய வேளையில் எத்திசையில் செல்வது, முதியோரையும் குழந்தைகளையும் யார் அழைத்துச் செல்வது என்பன அன்றிரவு எண்ணத்தக்கவை அல்ல. அவை ஒத்திகையின்போதே கைவந்திருத்தல் வேண்டும். ஒத்திகையை விளையாட்டாகக் கருதுவோர் இடர் நேரும்போது செயலற்று நிற்பர்.

இடர் ஆய்வு அலுவலரின் பணி புகழ் தருவது அன்று. எரியும் வீட்டிலிருந்து குழந்தையை மீட்ட வீரரை ஊர் பாராட்டும். பழுதுற்ற வால்வை முன்னரே கண்டு மாற்றச் செய்தவரை எவரும் அறியார். ஏனெனில் அதனால் நேரவிருந்த தீ நேரவே இல்லை. ‘பல ஆண்டுகளாக ஒன்றும் நிகழவில்லையே, இவ்வளவு செலவு எதற்கு?’ என்று கேட்பாரும் உளர். ஒன்றும் நிகழாமைக்குக் காரணமே அச்செலவும் அவ்விழிப்பும் என்பதை அவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். கேட்ட வினாவையே மீண்டும் கேட்கவும், இனிய முகத்தோடு மறுக்கப்படும் விடையை உறுதியோடு பெறவும் பொறுமை வேண்டும். தீயின் முன் நிற்பதற்கு வேண்டும் துணிவினும் இது குறைந்த துணிவன்று.

உண்மையை முன்னரே அறிவித்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று சான்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4-ஆம் நாள் மாலை, லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் தீப்பற்றியதாகச் செய்தி வந்தது. தீயணைப்புப் படையினர் பதின்மர் விரைந்தனர். அக்கிடங்கில் ஏறத்தாழ 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் பல ஆண்டுகளாகக் கிடந்தது. அதை அலுவலர் சிலர் அறிந்திருந்தனர். தீயணைக்கச் சென்றவர்க்கு மட்டும் எவரும் கூறவில்லை. சிறிது நேரத்தில் கிடங்கு வெடித்தது. பதின்மரும் மாண்டனர், நகரில் 200-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பம்பாய்க்கும் பெய்ரூட்டுக்கும் இடையே 76 ஆண்டுகள் சென்றன. தீயணைக்கும் கருவிகள் பெருகின. வண்டிகள் விரைவு பெற்றன. உடைகள் வெப்பம் தாங்குவன ஆயின. ஆனால் ‘உள்ளே என்ன இருக்கிறது?’ என்னும் வினாவுக்கு விடை உரியவரிடம் உரிய காலத்தில் சேராவிடின், அக்கருவிகள் யாவும் பயனற்றவை என்பதை அவ்விரு துறைமுகங்களும் உணர்த்துகின்றன.

இன்று பள்ளியில் பயிலும் மாணவர் நாளை ஆலையை நடத்துவோராகவும், அங்குப் பணிபுரிவோராகவும், அதனருகே வாழ்வோராகவும், தீயணைப்புப் படையில் சேர்வோராகவும் ஆவர். ஆலையை நடத்துவோர் உள்ளதை மறையாது கூறுதலும், தொழிலாளர் கண்ட குறையை அஞ்சாது தெரிவித்தலும், ஊரார் ஒத்திகையில் தவறாது கலந்துகொள்ளுதலும் கடமையாகும். பிறரைக் காக்கத் தம் உயிரையும் பொருட்படுத்தாது செல்லும் வீரர்க்கு நாடு செய்யக்கூடிய கைம்மாறு ஒன்று உண்டு. அவர்கள் எதை எதிர்த்துச் செல்கின்றனர் என்பதை முன்னரே அவர்களுக்குச் சொல்லிவிடுவதே அது.